நாலாவது கட்டம்

பிளக்ஸில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. நான் வரைந்தது நான்கு.

அக்கா மகள் படித்த பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பெற்றோர் கூட்டம். அக்கா இருப்பது கம்மாபுரத்துக்குப் பக்கத்தில். மகள் மட்டும் படிப்புக்காக விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில், என்னோடு இருந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டேன், நீ போய் உட்காரு என்று அக்கா போன் செய்ததால் நான் போனேன். கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்ததும், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, நான் வரைந்த பீஸ் கட்டை நின்றுகொண்டிருந்தது.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏதோ தப்பு செய்துவிட்டேன், கண்டுபிடித்துவிட்டார்கள், அதைப் பெரிதாக்கி எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அதுதான் தோன்றும். வாசலில் போஸ்ட்மேன் நின்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை. மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேலை போய்விட்டது. சுவரோரமாகப் போய் நின்று, படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் போட்டிருந்ததைப் படித்தேன்.

'படிக்காவிட்டால் இதுதான் கதி.'

அதை நான் எழுதவில்லை.

பீஸ் கட்டை என்றால், எல்லா வீட்டு மீட்டர் பெட்டியிலும் இருக்குமே, வெள்ளைப் பீங்கானில் கைப்பிடி வைத்து, அடியில் இரண்டு பித்தளைக் கால் நீட்டிக்கொண்டு, அதுதான். எங்கள் ஊர்ப் பீங்கான் கம்பெனிகளில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். அதற்கு நான் ஒரு பாவாடை கட்டி, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். என் சிரிப்புப் படங்களுக்கெல்லாம் அவள்தான் கதாநாயகி. பயம் அதிகமானால் உள்ளே கம்பி அறுந்து அணைந்துவிடுவாள். யாரைப் பார்த்து வரைந்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

சுவரில் இருந்த படம் இது. முதல் கட்டத்தில் வாத்தியார் ஒரு கேள்வி கேட்கிறார். இரண்டாவதில் பீஸ் கட்டை எழுந்து, பித்தளைக் கால் நடுங்க, 'தெரியல சார்' என்கிறாள். மூன்றாவதில் வாத்தியார் கதவைக் காட்டி, 'படிக்காததெல்லாம் வெளிய போய் நில்லு' என்கிறார். வகுப்பே சிரிக்கிறது. நான்காவது கட்டம் முழுக்கக் கறுப்பு. கரண்ட் போய்விட்டது. இருட்டுக்குள் வாத்தியார் குரல் மட்டும்: 'யாராவது பீஸைப் பாருங்கடா.' கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில்: 'நான் வெளிய நிக்கிறேன் சார். நீங்கதான் நிக்கச் சொன்னீங்க.'

அந்த நான்காவது கட்டத்தை வெட்டிவிட்டார்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் பள்ளிக்கூடத்துத் தாளாளர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு, பின்னால் சூரியன் உதிப்பது போல மஞ்சள் கதிர்கள். நான்காவது கட்டத்தை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? தெரியல என்று உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு வகுப்பே சிரிப்பது, அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளையெல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அதைத்தான் மாட்டியிருந்தார்கள்.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. வெளியே வந்ததும் அக்கா மகள் என் கையைப் பிடிக்காமல் நான்கு அடி முன்னால் நடந்தாள். ஆறாவது படிக்கிற பிள்ளை. தினமும் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு வருகிறவள்.

"சித்தி, இனிமே நீ ஸ்கூலுக்கு வராத."

"ஏண்டி?"

"வராதன்னா வராத."

மார்க்கெட் தாண்டும் வரை கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் சொன்னாள். பிளக்ஸ் மாட்டிய அன்றைக்கு இவள்தான் ஓடிப்போய் எல்லாரிடமும், இது எங்க சித்தி வரைஞ்சது என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் நம்பாமல் மிஸ்ஸைக் கூட்டி வந்திருக்கிறார்கள். மிஸ், 'இது நெட்ல இருந்து சார் எடுத்தது, இதுல எங்க உங்க சித்தி பேரு இருக்குது? பொய் சொல்லக் கூடாது' என்று சொல்லி, அடுத்த மணி அடிக்கும் வரை நிற்க வைத்திருக்கிறார். பிறகு பிள்ளைகள் அதை அவர்கள் பங்குக்குத் திருத்திக்கொண்டார்கள். வரைந்தது இவள் சித்தி இல்லை, படத்தில் இருப்பதுதான் இவள் சித்தி.

"பீஸ் போன சித்தின்னு கூப்புடறாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஒன்பதாவதில். வறுமை, கல்யாணம் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். பரீட்சை நாள் காலையில் எனக்கு வாந்தி வரும். பிறகு பரீட்சை இல்லாத நாளிலும் வந்தது. கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும். தெரியல என்பது மட்டும் சுலபமாக வெளியே வரும். வெளியே நிற்க வைப்பார்கள். ஒரு நாள் டவுன் பஸ்ஸில் ஏறியவள் பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். மூன்று வாரம் இப்படியே போனேன், வந்தேன். என்னைக் காணோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. கண்டக்டர்தான் அப்பாவிடம் சொன்னார். "ஒரு வருஷம் வூட்ல இருக்கட்டும், உடம்பு தேறட்டும்" என்றார் அப்பா. அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு பொம்மைக் கம்பெனியில் வர்ணம் பூசும் வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பொம்மைக்குக் கண், புருவம், சேலைக்கு பார்டர், ஜாடிக்குக் கழுத்துக் கோடு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. முடித்த பொருளைத் தலைகீழாகப் பிடித்து அடியில் ஒவ்வொருத்தியும் தன் குறியை வைக்க வேண்டும். ஒருத்திக்குச் சின்னப் பெருக்கல் குறி, ஒருத்திக்கு வளையம். எனக்கு மூன்று புள்ளி. சூளையிலிருந்து வந்தபின் கண் கோணியிருந்தால், வர்ணம் வழிந்திருந்தால், மேஸ்திரி திருப்பிப் பார்ப்பார். "யாரு மூணு புள்ளி, இங்க வா." நன்றாக வந்த பொம்மையை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. அந்தக் குறி திட்டு வாங்குவதற்கு மட்டும்தான். ஆனாலும் என் கை அதற்குப் பழகிவிட்டது. எதை வரைந்தாலும் கடைசியில் மூலையில் மூன்று புள்ளி வைக்காமல் தூரிகை கீழே இறங்காது.

பீஸ் கட்டைப் படங்களை முதலில் பழைய காலண்டர் தாளின் முதுகில்தான் வரைந்தேன். எனக்காகத்தான். ராத்திரி முழுக்கப் புரட்டி எடுத்த கவலையை மறுநாள் நான்கு கட்டத்துக்குள் போட்டு மூடினால், பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஒன்றில் ட்ராயிங் வாத்தியார் ஆப்பிள் வரையச் சொல்கிறார்; பீஸ் கட்டை ஆப்பிளோடு கட்டிலையும் குளுக்கோஸ் பாட்டிலையும் சேர்த்து வரைகிறாள். ஆப்பிளை அவள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறாள். இன்னொன்றில் அவள் வர்ணம் பூசிய பொம்மைகள் எல்லாம் இடப்பக்கமே பார்க்கின்றன. இடப்பக்கச் சுவரில்தான் கடிகாரம் மாட்டியிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு, கம்பெனித் தோழி ஒருத்தியின் ரேஷன் கார்டை ஸ்கேன் செய்யத் துணைக்குப் போனபோதுதான் அங்கிருந்த அண்ணன் என் பையில் துருத்திக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி இது, ஜாதகமா?"

"இல்லண்ணே, சும்மா கிறுக்கினது."

வாங்கிப் படித்தார். ஆப்பிள் படம். படித்து முடித்துவிட்டு ஸ்கேனரின் மூடியைத் திறந்து வைத்தார். கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்றுதான் என் முதல் யோசனை. அன்றைக்கே ஒரு பிளாக் ஆரம்பித்துக் கொடுத்தார்.

"பேரு என்னா போடறது?"

"பேரெல்லாம் வேணாண்ணே. யாராவது கேட்டாங்கன்னா?"

"யாரு கேக்கப் போறாங்க? பேப்பர்லயா வருது?"

"வேணாண்ணே."

"அப்ப பீஸ் கட்டைன்னே போட்டுடறேன். கரண்டு ஆபீஸ்ல இருந்து வந்தா நான் பாத்துக்கறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் ஒரு வாரம் கரண்டு ஆபீஸுக்குப் பயந்தேன்.

வாரத்துக்கு ஒரு படம் ஏற்றினோம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் படித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், துபாயில் லாரி ஓட்டுகிற ஒருவர். சிரித்தேன் என்று எழுதுவார்கள். சிரித்ததை நான் பார்க்க முடியாது, எழுத்தை மட்டும் பார்ப்பேன். ஒரு தடவை படித்தவர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். பீஸ் கட்டையின் பாவாடைக்குக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தது கல்வியின் துக்கத்தைக் குறிக்கிறதாம்.

அது துக்கம் இல்லை. அது நீலம். கம்பெனியில் நீலத்துக்கு நாங்கள் பூசுகிற பொடி, பூசும்போது கறுப்பாகத்தான் இருக்கும். சூளையில் வெந்து வந்தால்தான் நீலமாகும். வருஷக்கணக்காக அதைத் தொட்டுத் தொட்டு, நீலம் என்று நினைத்தாலே என் கை கறுப்பை எடுத்துவிடும். கோந்து கலந்து மீந்துபோன அந்தப் பொடியை ஒரு டப்பாவில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலேயேதான் பாவாடையைத் தீட்டினேன். நீலப் பாவாடை வரைந்துவிட்டேன் என்று நம்பி ஸ்கேனும் செய்தேன். தாளை யார் சூளையில் வைப்பது? இதைச் சொன்னால் உடனே சிலர் சூளையையும் வாழ்க்கையையும் முடிச்சுப் போட்டு ஒரு தத்துவம் சொல்ல வருவார்கள். வேண்டாம். நான் சொல்வது ஒரு பாவாடையைப் பற்றி.

பிளக்ஸில் அந்தப் பாவாடை நீலமாக இருந்தது. அவர்கள் பள்ளிக்கூடச் சீருடை நீலம் என்பதால் கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கிறார்கள். நான் மனதில் நினைத்த அதே நிறம். எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். நான் தப்பாகப் போட்டதை இவர்கள் சரியாகத் திருத்தி, சரியாகப் போட்டதை வெட்டி எறிந்திருந்தார்கள்.

மறுநாள் அக்கா வந்தாள். தாளாளரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"உனக்கென்னா கிறுக்கா? புள்ள அங்க படிக்கணும்டி. நிலக்கரி மைன்ஸுக்கு நிலத்தை எடுத்துட்டா எனக்கு இவ படிப்பைத் தவிர என்னா இருக்குது?"

"அவள பொய்க்காரின்னு நிக்க வச்சிருக்காங்க."

"நின்னா கால் தேஞ்சா பூடும்? நீ நிக்கலயா?"

நின்றேன். அதனால்தான் போக வேண்டும் என்றேன். அக்காவும் கூடவே வந்தாள், நான் ஏதாவது உளறினால் வாயை மூட. என்ன பேச வேண்டும் என்று உள்ளங்கையில் பேனாவால் நான்கு வரி எழுதிக்கொண்டேன். அசல் தாளைப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தாளாளர் மரியாதையாகத்தான் நடத்தினார். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அது இன்னும் மோசம். கத்துகிற ஆளிடம் பதிலுக்குக் கத்தலாம். டீ கொடுப்பவரிடம் என்ன செய்வது?

"சொல்லுங்கம்மா."

உள்ளங்கையைப் பார்த்தேன். வியர்வையில் எழுத்து ஊறிப்போயிருந்தது.

"சார், சுவத்துல இருக்கற படம் நான் வரைஞ்சது."

"அப்படியா, சந்தோஷம். நெட்ல கெடந்ததும்மா. நம்ம டீச்சர் ஒருத்தங்க எடுத்துக் குடுத்தாங்க. நல்ல கருத்து."

"அது கருத்து இல்ல சார். ஜோக்கு."

அவர் சிரித்தார். "ஜோக்கைப் போயி பள்ளிக்கூடத்துல மாட்டுவாங்களா?"

"நாலு கட்டம் சார் அது. கடைசிக் கட்டத்த எடுத்துட்டீங்க. அது இல்லன்னா அர்த்தம் மாறிப்போவுது."

"இடம் பத்தலம்மா. பிளக்ஸ் சைஸுன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் வழியே பிளக்ஸ் தெரிந்தது. அதில் அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அசலை விரித்துக் காட்டினேன். அவர் நான்காவது கட்டத்தைப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பழைய காலண்டர், பிள்ளையார் படம்.

"எல்லாம் சரிம்மா. இது நீங்க நெட்டைப் பாத்து வரைஞ்சதா, நீங்க வரைஞ்சதுதான் நெட்ல வந்துதான்னு எப்படித் தெரியும்? உங்க பேரே இல்லையே."

"மூணு புள்ளி இருக்குது சார். மூலையில. பிளக்ஸ்லயும் இருக்குது, பாருங்க."

எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். பெரிதாக்கியதில் என் புள்ளி ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவுக்கு, மூன்றாவது கட்டத்தின் மூலையில் பளிச்சென்று இருந்தது. எனக்குக் கட்டத்துக்குக் கட்டம் புள்ளி வைக்கிற பழக்கம், அதனால்தான் தப்பித்தது.

"அது தூசிம்மா. ஸ்கேன் பண்ணும்போது விழுந்திருக்கும்."

வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்குவதற்காக நான் வைத்த புள்ளி. ஒரே ஒரு தடவை எனக்குச் சாட்சி சொல்ல அதைக் கூப்பிட்டேன். தூசி என்று சொல்லிவிட்டார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார், நாற்காலிக்குத் திரும்பியபடி.

"ஒம்பதாவது."

"பாருங்க. அதைத்தான நாங்களும் சொல்றோம்." குரலில் கேலி இல்லை, உண்மையான இரக்கம் இருந்தது. "ஒண்ணு பண்ணலாம். ஆண்டு விழாவுக்கு வாங்க. மேடையில ஏறி, படிப்ப விட்டதால என்னென்ன கஷ்டப்பட்டீங்கன்னு புள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அவங்க மனசுல பதியும்."

நான் சொல்ல நினைத்தது நிறைய. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் இருப்பதை எங்கள் ஊரில் யார் செய்கிறார்கள் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கஷ்டப்பட்டது படிப்பை விட்ட பிறகு இல்லை சார், விடுவதற்கு முன்னால்தான் என்று சொல்ல நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. தொண்டை ஒன்பதாவது வகுப்புக்குப் போய்விட்டது. அக்கா, "சரிங்க சார், சொல்றேங்க சார்" என்று என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். டீயைக் குடிக்காமல் வந்ததற்கும் வழியில் திட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பேசினேன். சுவரைப் பார்த்து, சோற்றுப் பானையைப் பார்த்து, அக்கா போன பிறகு பூட்டிய கதவைப் பார்த்து. தூசியாம். பத்தலையாம். கருத்தாம். அக்கா மகள் வீட்டுப்பாட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் கம்பெனிக்குப் போன் வந்தது. மேஸ்திரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வழக்கம் போலப் பயந்தேன். இந்தத் தடவை காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு உடனே வரச் சொன்னார்கள்.

அலமாரியில் இருந்த என் டப்பாவை அவள் மதியச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துப் போயிருக்கிறாள். இடைவேளையில் தொட்டித் தண்ணீரைத் தொட்டுக் குழைத்து, பிளக்ஸுக்குக் கீழே அவள் கைக்கு எட்டிய உயரத்தில், வெள்ளைச் சுவரில் ஒரு கட்டம் போட்டு முழுக்கக் கறுப்பாகத் தீட்டியிருக்கிறாள். காய்ந்ததும் அதன்மேல் சாக்பீஸால் இரண்டு வசனத்தையும் எழுதியிருக்கிறாள். நான் போனபோது பள்ளி ஆயா அதன்மேல் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். வசனம் போய்விட்டது. கறுப்பு போகவில்லை. கோந்து கலந்த பொடி அது.

அக்கா மகள் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த வருஷமெல்லாம் நேரம் காலமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் போகவில்லை. உள்ளே மின்விசிறி ஜம்மென்று ஓடியது.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். படம் வரைந்ததற்கு என் பெயரைக் கேட்டு ஒருவரும் காகிதம் நீட்டியதில்லை. மன்னிப்புக்கு மட்டும் கோடு போட்டுக் கொடுத்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வைக்க வேண்டும் என்று தாளாளர் வருத்தப்பட்டார். பிளக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெளியே வந்ததும் அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீ ஏன் சித்தி பேரு போடல?"

"அது வந்து..."

"நீ பேரு போட்டிருந்தா நான் அன்னைக்கே காட்டியிருப்பேன்ல? மிஸ்ஸு என்னைய பொய்க்காரின்னு சொல்லியிருக்காதுல்ல? மூணு புள்ளியாம் மூணு புள்ளி. யாருக்குத் தெரியும் உன் புள்ளி?"

"பயமா இருந்துச்சுடி."

"நீ பயந்ததுக்கு நான் நின்னேன்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பெண்ணாடம் ரோட்டுக்குத் திரும்ப ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அத்தனை நாளும் என் கோபம் தாளாளர்மேல், மிஸ்மேல், கறுப்பு துக்கம் என்று எழுதியவர்மேல் என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. இவள் அதைப் பிடித்து இழுத்து வந்து என் வீட்டு வாசலில் கட்டிவிட்டாள். தாளாளர் செய்தது அயோக்கியத்தனம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு வழியைத் திறந்து வைத்தது நான். திட்டு வாங்க மட்டும் தெரிகிற ஒரு குறியை வைத்துவிட்டு, பாராட்டோ சண்டையோ வந்தால் யாரும் என்னைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஒளிந்துகொண்டிருந்தேன்.

நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அண்ணனிடம் அந்தப் படத்தையே மறுபடி ஏற்றச் சொன்னேன். நான்கு கட்டமும். பேர் போட வேண்டும் என்றேன்.

"கரண்டு ஆபீஸ்காரங்க வந்தா?" என்று கேட்டார்.

"வரட்டும்ணே."

சின்னதாகத்தான் எழுதினேன். அக்கா மகள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "பத்தாது, பெருசா போடு" என்றாள். பெரிதாக்கினேன். "இன்னும்." கடைசியில் பீஸ் கட்டையின் தலையைவிடப் பெயர் பெரிதாக இருந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு வாந்தி வந்தது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். படத்தை எடுத்துவிடலாமா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு நான் போகவில்லை. அவளை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் மேலும் படிக்க வைத்தோம், அக்கா விடவில்லை. சுவருக்கு இரண்டு கை வெள்ளை அடித்தும் அந்தச் சதுரம் சாம்பல் நிறத்தில் மேலே வருகிறது என்று அவள் அவ்வப்போது செய்தி கொண்டுவருவாள். பீஸ் போன சித்தி என்பதை நிறுத்திவிட்டார்களா என்று நான் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் அவளே என்னை கேட் வரைக்கும் வரச் சொன்னாள்.

அடுத்த கோடையில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கரும்பு ஜூஸ் குடிக்க நின்றோம். வண்டிக்கு வெயில் மறைக்க மேலே ஒரு பழைய பிளக்ஸைத் தலைகீழாக இழுத்துக் கட்டியிருந்தார் வண்டிக்காரர். நான் பார்க்கவில்லை. கண்ணாடி டம்ளரைச் சரியாகக் கழுவினாரா என்ற கவலையில் இருந்தேன். அக்கா மகள்தான் அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, மேல இருக்குதே படம். அது எங்க சித்தி வரைஞ்சது."

வண்டிக்காரர் சக்கரத்தைச் சுற்றியபடியே மேலே பார்த்தார். "இதா? ஸ்கூல்ல தூக்கிப் போட்டதுன்னு எடுத்தாந்தேன். பேரு ஒண்ணும் காணமே."

"அந்த மூலையில பாருங்க, மூணு புள்ளி. அதான்."

"அது தூசி பாப்பா."

எனக்குக் காது சூடாகியது. அவள் அசரவில்லை.

"ஒரு வருஷ மழை பேஞ்சிருக்குது. தூசியா இருந்தா போயிருக்கும்ல?"

அவர் மறுபடி பார்த்தார். சிவப்பு எழுத்து வெளுத்துப் படிக்க முடியாமல் ஆகியிருந்தது. நீலப் பாவாடை வெளுத்திருந்தது. மூன்று புள்ளியும் அப்படியே இருந்தன.

"இதுல இன்னொரு கட்டம் இருக்குதுண்ணே. சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் வாத்தியார் குரலிலும் பீஸ் கட்டை குரலிலும் மாறி மாறிச் சொன்னாள். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு கரும்புச் சக்கையைக் கையில் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் படத்துக்கு ஒருவர் சிரிப்பதை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாருக்குதே. அந்தக் கட்டத்த ஏன் போடாம வுட்டாங்க?"

அவள் அண்ணாந்து, தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டிருந்த தாளாளரைப் பார்த்தாள்.

"இடம் பத்தலையாம்ணே" என்றாள்.